கேள்வி நேரம்: முயலும் பயறும்

கேள்வி: மூணாறு தோட்டப் பகுதியில் தமிழ்வழி ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். இயற்கைத் தேர்வை (சூழலுக்குப் பொருந்தும் உயிர்கள் மிஞ்சிப் பெருகுவதை) விளக்க இலவசமாக ஏதாவது கிடைக்குமா? நெட் பாதி நாள் இருக்காது.

பதில்: கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்தில் 'நேச்சுரல் செலக்‌ஷன்' என்ற முயல்களை வைத்த கணினி மாதிரி இலவசம். நெட் உள்ளபோதே இறக்கி வைத்தால் பிறகு இணையமின்றி ஓடும். முயலுக்குத் துணை சேர்த்து, பழுப்பு நிற மாற்றத்தை ஓங்கு பண்பாக (பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படுவதாக) கொடுத்து, ஓநாய்களை விடுங்கள். அதே ஆட்டத்தைப் பனிச்சூழலிலும் ஓட்டிக் காட்டுங்கள். ஒடுங்கு பண்பாக (இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவதாக) கொடுத்தால் சில தலைமுறைக்குப் பழுப்பு முயலே கண்ணில் படாது. "ஒண்ணுமே நடக்கலையே டீச்சர்" என்பார்கள்.

கரண்டும் இல்லையா? பச்சைத் துணியில் பச்சைப்பயறு 50, கறுப்பு உளுந்து 50 தூவி, நான்கு பேரை 15 விநாடி ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொல்லுங்கள். மிஞ்சியதை நிறவாரியாக இரட்டிப்பாக்கி மூன்று சுற்று ஆடுங்கள். உளுந்துக்குப் பதில் கொண்டைக்கடலை போடாதீர்கள். நிறத்தை விட்டுப் பருமனைப் பார்த்துப் பொறுக்குவார்கள், கணக்கு கெடும். ஒரு நிறம் பூஜ்யமானால் இரட்டிப்பாக்க எதுவுமில்லை. அற்றுப்போதல் பாடத்தை அங்கேயே தொடங்கிவிடலாம்.