பங்கோரில் இரண்டு நாள், பெலும் காட்டில் மூன்று நாள்: புறப்படும் முன் கேட்டவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து 16 பேர் வழிகாட்டியோடு ஐந்து நாள் நடைக்குப் போகிறார்கள். முதல் இரண்டு நாள் பங்கோர் தீவின் குன்றும் கரையும். பிறகு கோலகங்சார், லெங்கோங், கிரிக் வழியாக மேலே போய், தெமெங்கோர் ஏரியில் படகேறி ரோயல் பெலும் காட்டில் மூன்று நாள். போகிறவர்களும், போகலாமா என்று யோசிப்பவர்களும் கேட்டவை கீழே. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

லாரி ஓட்டும் தம்பி: அண்ணே, நாம பொறந்து வளர்ந்ததே தோட்டத்துல. நமக்கு எதுக்கு கைடு?

தம்பி, தோட்டத்தில் மரம் நிரை நிரையாக நிற்கும். ஒரு நிரையைப் பிடித்து நடந்தால் எப்படியும் ரோட்டுக்கு வந்துவிடலாம். மழைக்காட்டில் நிரை கிடையாது. பாதையை விட்டு இருபது அடி தள்ளி ஒண்ணுக்குப் போய்த் திரும்பினாலே எந்தப் பக்கம் வந்தோம் என்று தெரியாது.

அதோடு, பெலும் நினைத்தால் நுழைகிற இடமும் இல்லை. 2007-ல் அரசிதழில் வெளியான மாநிலப் பூங்கா, 117,500 ஹெக்டர், மேலே தாய்லாந்து எல்லை. பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் முன்கூட்டியே போகும். அதனால் "மாமா வரலை, அவருக்குப் பதிலா மச்சான் வர்றாரு" என்று கடைசி நாளில் ஆளை மாற்ற முடியாது. பங்கோர் குன்றும் அப்படித்தான்: காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். நடத்துநர் வாங்கிவிட்டாரா என்று கேட்டு, தாளைப் பார்த்துவிடுங்கள்.

வழி காட்டுவது கைடுக்குச் சின்ன வேலை. வானத்தையும் ஆற்றையும் பார்த்து "இதோட திரும்புவோம்" என்று சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். சுற்றுலா அமைச்சு கொடுக்கும் அட்டையில் நீலம், பச்சை என்று இரண்டு உண்டு. நீலம் பொதுச் சுற்றுலாவுக்கு, பச்சை இயற்கை இடங்களுக்கு. உங்களுக்குப் பச்சை வேண்டும். 16 பேருக்கு ஒரே கைடு என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், இது குறைந்தபட்சம். எத்தனை மணிக்குத் திரும்புவோம், லைன் இல்லாத இடத்தில் எதை வைத்துத் தகவல் சொல்வார், மழையால் ஒரு நாள் கெட்டால் காசு என்னாகும், இதையெல்லாம் முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் பாஸ்" என்பவரிடம் கட்ட வேண்டாம்.

தாதி வேலையில் இருக்கும் தங்கை: ஷூ வாங்கணும். விலை 400 வெள்ளி போட்டிருக்கான். அவசியமா?

அவசியமில்லை. பால்வெட்டுக்காரர்கள் போடும் கறுப்பு ரப்பர் ஷூ, 'கம்போங் அடிடாஸ்' என்று கிண்டலாகச் சொல்வார்களே, அதுவே பெலும் சேற்றுக்கு நல்ல காலணி. ஒரே வார்ப்பு ரப்பர், பிரிவதற்குத் தையலோ பசையோ இல்லை. அடியில் இருக்கும் முளைகள் சேற்றையும் வேரையும் கவ்வும். ஆற்றைக் கடந்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டு நடக்கலாம்.

குறைகள் உண்டு. அடியில் மெத்தை கிடையாது, தார் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் பாதம் எரியும். இறக்கத்தில் கட்டைவிரல் முன்னால் போய் இடித்து நகம் கறுக்கும். ஆகவே கடையில் போட்டுப் பார்க்கும்போது தடித்த காலுறையோடு போட்டு, விரல் நுனிக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்கிறதா பாருங்கள். குதிகால் உள்பக்கத்தில் வார்ப்பு விளிம்பு ஒன்று கோடு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கையை விட்டுத் தடவினால் தெரியும். அதைப் பிளேடால் சீவிவிட்டு வாஸ்லின் தடவுங்கள். கொப்புளம் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஒரு எச்சரிக்கை, பழைய மலையேற்ற பூட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு. ஐந்தாறு வருஷம் அலமாரியில் கிடந்தது பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். நடுவே இருக்கும் பாலியூரித்தேன் பஞ்சு நம் ஊர் ஈரக்காற்றிலேயே உள்ளுக்குள் இற்றுப் போயிருக்கும். முதல் நாள் மதியம் அடிப்பாகம் வாய் பிளக்கும். கட்டைவிரலால் பஞ்சை அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வழியில் பிளந்தால் சைக்கிள் டியூப் துண்டை இறுக்கிக் கட்டி அன்றைய நடையை முடிக்கலாம். ஆகவே ஒரு துண்டு பையில் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற மண்டோர் ஐயா: அட்டைக்குப் புகையிலைத் தண்ணி போதும்ல? அந்தக் காலத்துல அதுதான்.

வேலை செய்யும் ஐயா, பொய்யில்லை. ஆனால் புகையிலை ஊறிய காலுறையை நாள் முழுக்க ஈரமாகப் போட்டால் நிக்கோட்டின் தோல் வழியே இறங்கும். தலைசுற்றலும் குமட்டலும் வரும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். பூச்சிமருந்து தைலம் அடித்தால் ஒரு மழை, ஒரு ஆறு, போயே போச்சு.

நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறைதான் நல்லது. சாதாரணக் காலுறை மேல் அதைப் போட்டு, கால்சட்டையை உள்ளே விட்டு, முழங்காலுக்குக் கீழே கட்ட வேண்டும். அட்டை வெளிப்பக்கமாகத்தான் ஏற முடியும், கண்ணில் படும். காலுறை வெளிர் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. தரையில் ஊர்வது பழுப்பு அட்டை, கடித்தாலும் தெரியாது. கோடு போட்ட புலி அட்டை இலை மேல், இடுப்பு உயரத்தில்கூட நிற்கும், கடித்தால் சுருக்கென்று வலிக்கும். அதனால் சட்டையும் உள்ளே போக வேண்டும்.

ஒட்டிக்கொண்டால் உப்பு, நெருப்பு, சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடும். மெலிந்த முனை எதுவென்று பார்த்து, அங்கே நகத்தைத் தோலோடு படிய வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். பிறகு தடித்த முனை. இரத்தம் உறையவிடாத பொருளை அது விட்டுவைத்திருக்கும், ஆகவே நெடுநேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியை வைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் எடுக்காமல் அழுத்துங்கள். நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதால்தான் பலருக்கு நிற்பதில்லை. இரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கைடிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கல்லூரி மாணவர்: பங்கோர்ல பாறை ஓரமா நடக்கிற பகுதி இருக்காம். எந்த நேரம் சரி?

தண்ணீர் வற்றும்போது. மலாக்கா நீரிணையில் ஒரு நாளில் இருமுறை ஏறும், இருமுறை வற்றும். நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும்: இன்று காலை 9-க்கு வற்றினால் நாளை 9:50 வாக்கில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அதிகமாக வற்றும், அதே அளவு வேகமாக ஏறவும் செய்யும். அடிமட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இறங்கி, தண்ணீர் திரும்பும் முன் பாறையை விட்டு ஏறிவிடுவது முறை. வற்றிய பிறகு சாவகாசமாகக் கிளம்புகிறவர்கள்தான் குடைவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பாறையின் நிறத்தைப் பாருங்கள். மேலே வெளுத்துக் காய்ந்த பகுதியில் கால் நிற்கும். அதற்குக் கீழே சிப்பி ஒட்டிய சொரசொரப்புப் பட்டையிலும் நிற்கும், கையை வைத்தால் கிழிக்கும். ஒரு ஜோடி பருத்திக் கையுறை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பச்சையாக மின்னுவது பாசி, அதில் எந்தக் காலணியும் நிற்காது.

அதே மாணவர்: தியோமான் போனா இன்னும் நல்லா இருக்காதா?

அழகான தீவுதான். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது டிசம்பர் விடுமுறைக்கு. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை, கடல் கொந்தளிக்கும், தங்குமிடங்கள் பலவும் மூடிவிடும். பங்கோர் மேற்குக் கரை, அந்தத் தொல்லை கிடையாது.

நடனப் பள்ளி நடத்தும் அக்கா: நான் சைவம். காட்டுல என்ன கொடுப்பாங்க?

அக்கா, "சைவம்" என்று மட்டும் சொன்னால் சம்பல் கங்கோங் கீரை வரும், உள்ளே பெலாச்சான் (இறால் விழுது) இருக்கும். "மீன், இறால், பெலாச்சான், முட்டை எதுவும் கூடாது" என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களின் கணக்கையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். ஏரியில் தங்கும் படகுவீட்டின் சமையல்காரர் கிரிக்கில் சாமான் வாங்குவதோடு சரி, ஏரிக்குள் கடை கிடையாது. பருப்புப் பொடி, ஊறுகாய் ஒரு போத்தல், வறுத்த கச்சான் அரைக் கிலோ கையில் இருந்தால் கவலையில்லை.

அவரே: தண்ணி எவ்வளவு?

நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டர், ஏற்றத்தில் முக்கால். காலையில் 2 லிட்டரோடு கிளம்பி, ஆற்றுநீரைக் கைடு கொதிக்க வைத்த பிறகு நிரப்புங்கள். நன்றாகக் கொப்பளித்து ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் கெண்டைக்கால் இழுக்கும். உப்புக் கரைசல் பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு சமன் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

பெயர் வேண்டாம் என்றவர்: அம்மாவுக்கு 62, இனிப்பு நீர். வர ஆசைப்படுறாங்க.

மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்கு வேலை. ஆகவே ஆறு வாரம் முன்னதாகவே வாரம் மூன்று நாள், 45 நிமிஷம், 5 கிலோ பையோடு மேடு பள்ளமான தோட்டச் சாலையில் நடக்கச் சொல்லுங்கள். கடைசி வாரத்திலும் மூச்சு வாங்கினால் பெலும் படகுப் பயணங்களுக்கு மட்டும் வரட்டும், நடை நாளில் படகுவீட்டில் இருக்கலாம். அதிலும் பார்க்க நிறைய உண்டு: தீபகற்பத்தின் பத்து வகை இருவாட்சிகளும் அந்தக் காட்டில் இருக்கின்றன. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் ரப்பர் ஷூ வேண்டாம், புண் வந்தாலும் தெரியாது. மிட்டாய் அவரது சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும், பின்னால் வரும் மகனின் பையில் இல்லை. இன்சுலினை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைக்கலாம்.

ஒரு ஆசிரியை: பிள்ளைங்க அருவியில குளிக்கலாமா? ரஃப்லீசியா பூ நிச்சயமா பார்க்கலாமா?

குளிக்கலாம், கைடு சம்மதித்தால். பயப்பட வேண்டியது கெப்பாலா ஆயர், அதாவது ஆற்றில் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். தெளிந்த நீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வருவது, தூரத்தில் லாரி வருகிற மாதிரி இரைச்சல், இதில் ஒன்று தெரிந்தாலும் செருப்பு, பை, போன் எதையும் எடுக்க நிற்காமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். கரையோரமாகக் கீழே ஓடக் கூடாது, தண்ணீர் உங்களைவிட வேகம். மதியம் 2 மணிக்கு மேல் அருவி வேண்டாம்.

பூவுக்கு உத்தரவாதம் யாரும் தர முடியாது. மொட்டு முதிர ஒன்பது மாதம் அளவு ஆகும், விரிந்தால் ஐந்து முதல் ஏழு நாள், பிறகு கறுத்து அழுகிவிடும். "கட்டாயம் காட்டுவோம்" என்று விளம்பரம் போட்டிருந்தால் மற்ற வாக்குறுதிகளையும் சந்தேகத்தோடு படியுங்கள். பூவைச் சுற்றிக் கோஸ் மாதிரி உருண்டை மொட்டுகள் தரையில் கிடக்கும். பிள்ளைகள் படத்துக்கு நிற்கும்போது அதை மிதித்துவிடாமல் பாருங்கள்.

ஒரு தம்பி: காட்டுல பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதாமே?

பெரியவர்கள் சொல்வதை மறுக்கவில்லை. விசில் கட்டிக்கொள்ளுங்கள்: மூன்று ஊதல் என்றால் உதவி. கத்துவதைவிடத் தூரம் கேட்கும், தொண்டையும் மிஞ்சும்.

பலரும்: பையில என்ன?

இரண்டு ஜோடி உடுப்பு: நடக்க ஒன்று, தூங்க ஒன்று. நடை உடுப்பு ஈரமாகவே இருந்தாலும் காலையில் அதையே மாட்டுங்கள். தூங்கும் உடுப்பை நனைத்தால் இரவு குளிரில் உட்கார வேண்டியதுதான். ஜீன்ஸ் வேண்டாம், பந்து விளையாடும் ஜெர்சி போதும். பைக்குள்ளே பெரிய கறுப்புக் குப்பைப் பை ஒன்றை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வையுங்கள். மழையுறை மேலே மட்டும்தான் மூடும், முதுகுப்பக்கம் ஒழுகும். தலைவிளக்கு அவசியம், மரக்கூரைக்குக் கீழே ஆறரைக்கே இருட்டிவிடும். பெண்கள் நாப்கினைப் புதைக்க வேண்டாம், விலங்குகள் தோண்டிவிடும். இறுக்கமாக மூடும் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

வேன் ஓட்டப் போகும் அண்ணன்: ராத்திரியில கிளம்பி விடியறதுக்குள்ள படகேறுற பண்டிங் போயிடலாமா?

வேண்டாம் அண்ணே. கிரிக்கைத் தாண்டினால் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை, பண்டிங் வரை சுமார் 40 கிலோமீட்டர், இருட்டில் யானை ரோட்டில் நிற்கும், சாம்பல் நிறம் விளக்கில் தெரியாது. கிரிக்கில் பெட்ரோலை நிரப்பி, பசியாறிவிட்டு, வெளிச்சத்தில் போங்கள். படகும் எப்படியும் பகலில்தான். அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் இன்னும் ஏரிக்குள் நிற்கின்றன.

தாதித் தங்கை மறுபடியும்: திரும்பி வந்த பிறகு ஏதாவது கவனிக்கணுமா?

காய்ச்சல். எலி மூத்திரக் கிருமி, கெஞ்சிங் திக்குஸ், காயத்தின் வழியே நுழைந்தால் இரண்டு நாளிலும் வரலாம், ஒரு மாதம் கழித்தும் வரலாம். காலில் கீறல் இருந்தால் ஆற்றில் இறங்கும் முன் நீர்புகாப் பட்டை ஒட்டுவது அதனால்தான். குரங்குகளிடமிருந்து கொசு வழியே வரும் மலேரியா இன்னொன்று, அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் சீக்கிரம் முற்றும். வந்த பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சலடித்தால் பனடோல் போட்டுப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே கிளினிக்குக்குப் போய், "பெலும் காட்டுக்குப் போயிருந்தேன், ஆற்றில் இறங்கினேன்" என்று தேதியோடு சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டிங்கிக்கு மட்டும் இரத்தம் எடுத்துவிட்டு அனுப்பிவிடக்கூடும்.