வெள்ளைக் கதிரில் மஞ்சள் மணிகள்: மக்காச்சோள விதையைக் காப்பது எப்படி?

கேள்வி: எங்கள் குடும்பம் வெள்ளை மணி மக்காச்சோள நாட்டு ரகம் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயிரிட்டு வருகிறது. ஒவ்வொரு முறையும் மிகப் பெரிய இரண்டு மூன்று கதிர்களை மட்டுமே விதைக்கு எடுத்து வைப்போம். சில ஆண்டுகளாகச் செடிகள் குட்டையாகி மகசூல் குறைந்து வருகிறது. இம்முறை பக்கத்திலேயே மஞ்சள் மணி வீரிய ஒட்டு ரகத்தையும் விதைத்தோம். இப்போது வெள்ளைக் கதிர்களில் ஆங்காங்கே மஞ்சள் மணிகள் தெரிகின்றன. எங்கள் ரகம் கெட்டுவிட்டதா? ஒட்டு ரகக் கதிரிலிருந்து அடுத்த பருவத்துக்கு விதை எடுக்கலாமா?

பதில்: மஞ்சள் மணிகளைப் பற்றி முதலில் கூறிவிடுகிறேன், நீங்கள் அஞ்சுகிற அளவுக்கு நிலைமை மோசமில்லை. நெல்லும் கோதுமையும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுபவை. மக்காச்சோளத்திலோ ஆண் பூக்கள் செடியின் உச்சியிலும் பெண் பூக்கள் இடைக்கணுவில் தோன்றும் கதிரிலும் தனித்தனியே அமைந்திருப்பதோடு, கதிரின் பட்டு இழைகள் வெளிவருவதற்கு ஓரிரு நாள் முன்பே உச்சிப்பூ மகரந்தத்தை உதிர்க்கத் தொடங்கிவிடுவதால், கதிரில் பிடிக்கும் மணிகளில் மிகப் பெரும்பாலானவை அக்கம்பக்கத்துச் செடிகளின் மகரந்தத்தால் உருவானவையே. ஒவ்வொரு இழையும் ஒரு மணிக்கு உரியது. ஆகவே ஒரு கதிரின் நூற்றுக்கணக்கான மணிகளுக்குத் தாய் ஒன்று, தந்தையர் பலர்.

மணியின் பெரும்பகுதியான மாவுச்சத்துத் தசை, தாயிடமிருந்து இரண்டு பங்கும் தந்தையிடமிருந்து ஒரு பங்கும் மரபுப்பொருளைப் பெற்று உருவாகிறது. மஞ்சள் நிறத்துக்கான மரபணு வெள்ளையை விஞ்சி வெளிப்படக்கூடியது. அதனால் மஞ்சள் ரகத்தின் மகரந்தம் சேர்ந்த மணி அடுத்த தலைமுறை வரை காத்திராமல் அதே கதிரிலேயே, பெரும்பாலும் சற்று வெளிறிய மஞ்சளாக, தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மஞ்சள் ஒட்டு ரகத்தின் பெற்றோர் இரண்டும் மஞ்சளாக இருப்பதே வழக்கம் என்பதால், அதன் மகரந்தம் தொட்ட மணி எதுவும் வெள்ளையாகத் தப்பிவிடாது. நல்ல பகல் வெளிச்சத்தில் மஞ்சள் சாயல் உள்ள மணிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி நீக்குங்கள். எஞ்சிய வெள்ளை மணிகள் உங்கள் ரகமே. மஞ்சள் ரகத்தின் மீது வெள்ளை மகரந்தம் விழுந்திருந்தால் இந்த வசதி இருந்திராது, கலப்பு கண்ணுக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தப் பொறுக்கல் இப்பருவத்துக்கு மட்டுமே முழுமையாகப் பயன்படும். மஞ்சள் மணிகளையும் சேர்த்து விதைத்துவிட்டால், அவற்றிலிருந்து வளரும் செடிகள் வயல் முழுவதும் மகரந்தம் தூவும்; அதன் பிறகு வெள்ளையாக இருக்கும் மணிக்குள்ளும் ஒட்டு ரகத்தின் மற்ற மரபணுக்கள் ஒளிந்திருக்கும், நிறம் நமக்குத் துணை நிற்காது.

ஒட்டு ரகக் கதிரிலிருந்து விதை எடுக்க வேண்டாம் என்பதே என் தெளிவான கருத்து. அமெரிக்க மரபியலாளர் ஜார்ஜ் ஷல் 1908இல் விளக்கியபடி, மக்காச்சோளத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தன்னோடு தானே சேர்த்தால் செடிகள் ஒரே சீராகவும் நலிந்தும் போகும்; அப்படிப்பட்ட இரு தூய வழிகளை ஒன்றோடொன்று சேர்த்தால் முதல் தலைமுறை வியக்கத்தக்க வீரியத்துடன் எழும். நீங்கள் வாங்கும் விதை அந்த முதல் தலைமுறை. வயலில் அச்செடிகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே மரபமைப்பு கொண்டவை என்பதால், அவை தம்முள் மகரந்தம் மாற்றிக்கொள்வதும் தன்னோடு தானே சேர்வதும் மரபியல் நோக்கில் ஒன்றே. எனவே அடுத்த தலைமுறையில் கலப்பு வீரியத்தில் ஏறக்குறைய பாதி கரைந்துவிடும். உயரம், பூக்கும் நாள், கதிரின் அளவு என எல்லாமே செடிக்குச் செடி மாறுபடும்.

உங்கள் வெள்ளை ரகம் நலிவதற்கும் காரணம் இதுவே, அது மெதுவாக நடக்கிறது என்பதுதான் வேறுபாடு. இரண்டு மூன்று கதிர்கள் என்றால் இரண்டு மூன்று தாய்ச்செடிகள். அவ்வளவு நெருங்கிய உறவினர் ஆண்டுதோறும் தமக்குள்ளேயே சேரும்போது, ஒற்றையாக இருந்தவரை தீங்கு செய்யாமல் மறைந்திருந்த குறைபாட்டு மரபணுக்கள் இரட்டையாகச் சேர்ந்து வெளிப்படுகின்றன. மிகப் பெரிய கதிரைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. மிகச் சிலவற்றைத் தேர்ந்தெடுத்ததுதான் தவறு.

இச்செடி கூட்டமாக வாழவே பழகியது என்பதற்கு அதன் பிறப்பே சான்று. மெக்சிகோவின் தென்மேற்கில் பால்சாஸ் ஆற்றுப் படுகையில் வளரும் தியோசின்டே என்னும் காட்டுப்புல்லிலிருந்து, ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் மக்காச்சோளத்தை உருவாக்கினர். கல் போன்ற ஓட்டுக்குள் அடைபட்ட ஐந்து முதல் பன்னிரண்டு மணிகளே கொண்ட அந்தச் சிறு கதிரையும் இன்றைய கதிரையும் அருகருகே வைத்தால் உறவை நம்புவது கடினம். அமெரிக்க மரபியலாளர் ஜார்ஜ் பீடில் இவ்விரண்டையும் கலந்து இரண்டாம் தலைமுறையில் சுமார் 50,000 செடிகளை வளர்த்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 500இல் ஒன்று மக்காச்சோளத்தையோ தியோசின்டேயையோ முழுமையாக ஒத்திருந்தது. அதிலிருந்து, பெரிய வேறுபாடுகளுக்குப் பொறுப்பான மரபணுப் பகுதிகள் நான்கைந்துதான் என்று கணித்தார். அவற்றுக்கு அப்பால் உள்ள பரந்த வேறுபாடு காற்றில் பறக்கும் மகரந்தத்தால் ஓயாமல் கலந்து கலந்து தங்கியது. இந்த வளம் ஒரு செடிக்குள்ளோ ஒரு கதிருக்குள்ளோ அடங்குவதில்லை, வயல் முழுவதும் பரவிக் கிடக்கிறது. உங்களைப் போன்ற குடும்பங்கள் நாட்டு ரகங்களைக் காப்பதை நான் மிகப் பெரிதாக மதிப்பது இதனால்தான். 1970இல் அமெரிக்க வயல்களில் பெரும்பான்மையானவை ஒரே வகை ஆண் மலட்டுத்தன்மை கொண்ட, அதாவது தானே மகரந்தம் தராத, தாய்வழியைச் சார்ந்திருந்தபோது, ஓர் இலைக்கருகல் பூசணம் அந்த ஆண்டு விளைச்சலில் சுமார் 15 விழுக்காட்டை அழித்தது.

இனிச் செய்ய வேண்டியது. வயலில் குறைந்தது 100 செடிகளிலிருந்து, முடிந்தால் 200இலிருந்து, செடிக்கு ஒரு கதிராக விதைக்கு எடுங்கள். கதிர்களைக் களத்துக்கு வந்த குவியலில் தேடாமல், செடி நிற்கும்போதே, வரப்போரத்தைத் தவிர்த்து, நாற்புறமும் செடிகள் சூழ்ந்த இடத்தில் சாயாமலும் நோயில்லாமலும் நிற்பவற்றை அடையாளமிட்டு வையுங்கள். ஓரச் செடி பெரிய கதிர் தருவது பெரும்பாலும் அதற்குக் கூடுதலாகக் கிடைத்த வெயிலாலும் உரத்தாலும்தான். நலிந்த செடிகளின் உச்சிப்பூவை மகரந்தம் உதிர்வதற்கு முன்பே ஒடித்துவிடலாம். எல்லாக் கதிர்களிலிருந்தும் சம எண்ணிக்கையில் மணிகளை எடுத்துக் கலந்து, நன்கு உலர்த்தி, ஒரு பகுதியை விதைக்காமல் இருப்பு வையுங்கள். ஒட்டு ரகத்துக்கும் உங்கள் வயலுக்கும் 200 மீட்டர் இடைவெளி வேண்டும். அது இயலாதெனில் இரண்டும் பூக்கும் காலம் மூன்று வாரமேனும் விலகும்படி விதைப்பைத் தள்ளி வையுங்கள்.

ஏற்கெனவே நலிந்துள்ள விதையை மீட்க, அதே வெள்ளை ரகத்தை வேறு குடும்பம் எதுவும் நெடுங்காலமாகத் தனியே காத்து வருகிறதா என்று விசாரியுங்கள். அவர்களது விதையை ஒரு வரிசையும் உங்களுடையதை ஒரு வரிசையுமாக விதைத்து, உங்கள் வரிசைகளின் உச்சிப்பூக்களை மட்டும் மகரந்தம் உதிருமுன் ஒடித்துவிட்டு, அவ்வரிசைகளின் கதிர்களை விதைக்கு எடுத்தால், அவ்விதையிலிருந்து வரும் செடிகளிலேயே இழந்த வளர்ச்சி பெருமளவு திரும்பியிருப்பதைக் காண்பீர்கள்.