திரும்பிப் பார்க்காத பிள்ளை

வணக்கம் சார்,

என் மகளுக்கு ஐந்து வயது. எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் இந்தக் கோடை முழுக்க அவளும் நானும்தான் வீட்டில். என் மேஜைக்கு அடியில் போர்வையைக் கட்டி ஒரு வீடு செய்திருந்தாள். என் கால்கள் அந்த வீட்டுக்கு வாட்ச்மேன். போன வாரம் பள்ளி திறந்தது. அழுவாள் என்று ஒரு மாதமாக மனதைத் தயார் செய்து வைத்திருந்தோம். வாசலில் என் கையை உருவிக்கொண்டு உள்ளே போனவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுற்றிலும் மற்ற பிள்ளைகள் கதறிக்கொண்டிருந்தார்கள். ‘நீங்கள் கொடுத்து வைத்தவர்’ என்றார்கள். வண்டியில் வந்து உட்கார்ந்ததும் எனக்குத்தான் அழுகை வந்தது. மாலையில் என்ன நடந்தது என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்கிறாள். இத்தனை நாள் கூடவே இருந்தும் எங்களுக்குள் ஒட்டுதல் இல்லையோ? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கே.

அன்புள்ள கே,

இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? பிள்ளை அழுதால் கவலை, அழாவிட்டால் அதைவிடக் கவலை. பெற்றவர்கள் பிழைப்பே அப்படித்தான்.

ஒட்டுதலை அழுகையை வைத்து அளக்க முடியாது. மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 1960களில் ஒரு சோதனையை வடிவமைத்தார். பழக்கமில்லாத ஓர் அறையில் குழந்தையை விட்டுவிட்டு அம்மா சற்று நேரம் வெளியே போவார், பிறகு திரும்பி வருவார். அம்மா போகும்போது குழந்தை எவ்வளவு அழுதது என்பதைவிட, அவர் திரும்பி வந்ததும் அது என்ன செய்தது என்பதைத்தான் எய்ன்ஸ்வொர்த் முக்கியமாகக் கவனித்தார். அழாத குழந்தைகளிலும் அம்மாவோடு நல்ல ஒட்டுதல் உள்ளவர்கள் இருந்தார்கள். அது ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளுக்கான சோதனை என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஐந்து வயது மகளுக்கு அதை வைத்து மார்க் போட உட்கார்ந்துவிடாதீர்கள். ஆனால் பார்க்க வேண்டிய நேரம் மாலைதான். பள்ளி விட்டதும் உங்களைத் தேடி வருகிறாளா, பையைத் தூக்கி உங்கள் கையில் திணிக்கிறாளா? அது போதும். பின்னால் ஆள் இருக்கிறது என்ற தைரியம் உள்ள பிள்ளைதான் கையை உருவிக்கொண்டு போகும்.

‘ஒண்ணுமில்ல’ என்பது பெரும்பாலும் களைப்பு. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். விடுமுறையில் தூங்கப் போகும் நேரம் எங்கேயோ போயிருக்கும். தினம் கால் மணி நேரமாக முன்னால் இழுங்கள். கேள்வியையும் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். குளிக்கும்போதோ படுக்கும்போதோ தானாகக் கொட்டும்.

அப்புறம், அவள் இனிமேல்கூட அழலாம். என் மகன் முதல் இரண்டு வாரம் சிரித்துக்கொண்டே போனான். மூன்றாவது வாரம் ஓர் இரவு, “நாளைக்கும் போகணுமா?” என்றான். ஆமாம் என்றேன். “அதுக்கு அடுத்த நாளும்?” ஆமாம். பள்ளிக்கூடம் என்பது போய்ப் பார்த்துவிட்டு வரும் இடம் என்று அதுவரை நினைத்திருக்கிறான், பாவம். மறுநாள் காலை வாசலில் ஒரே அழுகை.

அன்று ஒரு தப்பு செய்தேன். அவன் கவனம் எதிலோ திரும்பிய சமயம் பார்த்து, சொல்லாமல் நழுவிவிட்டேன். அதற்கடுத்த நாள் என் சட்டையை அவன் விடவே இல்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது ஒரு பட்டன் பிய்ந்து அவன் கையோடு போய்விட்டது. சரி, போகட்டும் என்று விட்டேன். அதிலிருந்து எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். வாசலிலேயே நின்று சமாதானம் செய்துகொண்டிருப்பதும் உதவாது. சொல்லிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும், சொன்ன நேரத்துக்கு நிற்க வேண்டும்.

அந்தப் பட்டன் அவன் டவுசர் பையிலேயே இருந்தது. குழந்தைகள் இப்படிப் பற்றிக்கொள்ளும் துணி, பொம்மை பற்றி வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1950களிலேயே எழுதியிருக்கிறார். அம்மாவுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே அவை ஒரு பாலம் என்பது அவர் கருத்து. எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. துவைக்கும் முன் எடுத்து வைத்து, காலையில் மறக்காமல் பையில் போட்டுவிடுவேன். ஒருநாள் போட மறந்துவிட்டு, பாதி வழியில் நினைவு வந்து பதறிப்போய்ச் சொன்னேன். “எந்த பட்டன்?” என்றான்.

வண்டியில் நீங்கள் அழுதது மகளுக்காக மட்டும் இருக்காது. இரண்டு மாதம் ஓர் ஆள் உங்கள் கால்மாட்டில் குடியிருந்துவிட்டுக் காலி செய்திருக்கிறாள். அழுகை வரத்தான் செய்யும். அந்தப் போர்வையை மட்டும் இப்போதைக்கு அவிழ்த்துவிடாதீர்கள். வாட்ச்மேனுக்கு இனி சாயங்கால ஷிப்ட்.