வாசகர் கேள்வி பதில்: இனி எவ்வளவு கரண்ட் வேணும்?

கேள்வி: எங்கள் வீட்டுக் கூரையில் சோலார் பூட்டியிருக்கிறோம். 2025 சித்திரைப் புத்தாண்டு லீவில், பகலில் அதை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். உலகத்தின் மின்தேவை ஏறிக்கொண்டே போகுது என்கிறீர்கள், இங்கே வெயிலில் சும்மா வாற கரண்டை வேண்டாம் என்கிறார்கள். எதை நம்புவது?
- வாசகி, கல்லடி

பதில்: இரண்டையும் நம்புங்கள் தங்கச்சி. 2024இல் மட்டும் உலகின் மின்பாவனை 4 வீதத்துக்கு மேல் கூடியது என்று சர்வதேச எரிசக்தி முகவரகம் கணக்கிட்டிருக்கிறது, அதில் பாதிக்கு மேல் சீனாவில். ஆனால் எவ்வளவு வேணும் என்பதோடு எத்தனை மணிக்கு வேணும் என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கையில் பாவனை உச்சத்துக்குப் போவது பின்னேரம் ஆறரைக்குப் பிறகு, லைட், ரீவி, ரைஸ் குக்கர், பேன் எல்லாம் வீட்டுக்கு வீடு ஒன்றாகப் போடுகிற நேரம். சூரியன் அப்போது இல்லை. லீவு நாள் நண்பகலிலோ கந்தோரும் தொழிற்சாலையும் பூட்டிக் கிடக்க, கூரைகள் மட்டும் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

தள்ளினால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் மின்கட்டமைப்பு 50 ஹேர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 50 சுற்று என்ற ஒரே சீரில், ஓட வேண்டியது, அதற்கு உற்பத்தியும் பாவனையும் கணத்துக்குக் கணம் சரிசமமாக நிற்க வேண்டும். நீர்மின், அனல்மின் நிலையங்களில் சுழலும் பாரமான இயந்திரங்கள் திடீரென்று ஒரு குலுக்கல் வந்தாலும் கொஞ்சம் தாங்கும். கூரை சோலாரின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டியான சாதாரண இன்வேட்டருக்கு அந்தத் தாங்குசக்தி கிடையாது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்றைக்குப் பாவனை குறைவு, சோலார் நிறைய, பாரமான இயந்திரங்கள் கொஞ்சம்தான் ஓடிக்கொண்டிருந்தன.

என்னைக் கேட்டால் உங்கள் கூரையில் ஒரு பிழையும் இல்லை. பகல் கரண்டைப் பிடித்து வைத்து இரவுக்குக் கொடுக்கிற பெரிய பற்றரிகள் சோலாரோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும், அதைப் பிந்த விட்டதுதான் பிழை. இன்னொன்று, நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணத்தில் இரவு பத்தரைக்குப் பிறகுதான் மலிவு என்று வைத்தது கூரை சோலார் பெருகாத காலத்துக் கணக்கு. நண்பகலையும் மலிவாக்கினால் வாழைச்சேனையிலும் கல்முனையிலும் மீனுக்கு ஐஸ் போடுகிறவர்கள் வெயில் நேரத்திலேயே போட்டு வைக்கலாம், நெல் ஆலைகளும் அப்படித்தான். அந்த ஐஸும் ஒரு பற்றரி மாதிரித்தானே.

கேள்வி: ஏஐ கம்பியூட்டர் மையங்கள் உலகத்துக் கரண்டையெல்லாம் விழுங்கப் போகுதாமே?
- வாசகர், காத்தான்குடி

பதில்: எல்லாவற்றையும் விழுங்காது. எல்லாவிதத் தரவு மையங்களையும் சேர்த்தே 2024இல் உலக மின்சாரத்தில் ஒன்றரை வீதமளவுதான். 2030க்குள் அது இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்று அதே முகவரகம் சொல்கிறது, அவை குவிந்திருக்கும் ஊர்களுக்கு அது பாரிய சுமைதான். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஏசி. 2018இல் உலகில் 160 கோடி ஏசி, 2050க்குள் 560 கோடி ஆகலாம் என்பது அவர்கள் அந்த ஆண்டே போட்ட கணக்கு. கச்சான் வீசுகிற மாதங்களில் மட்டக்களப்பில் படுக்கப் போகிற நேரத்திலும் சுவரைத் தொட்டால் சுடும், அந்த வீட்டில் ஏசி பூட்டுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூரை ஓடுகளைக் கழற்றிவிட்டு மொட்டை கொங்கிரீட் பிளேட் போட்டு, தாழ்வாரத்தையும் வெட்டி, முற்றத்து வேம்பையும் தறித்துவிட்டு, பிறகு ஏசிக்குக் கடன் எடுப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள் மேற்குச் சுவரில் வெயில் படாமல் தாழ்வாரத்தை நன்றாக இறக்கிக் கட்டுங்கள், ஏசி வாங்கினாலும் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற இன்வேட்டர் வகையாகப் பார்த்து வாங்கி 26 பாகையில் விடுங்கள்.

கேள்வி: பெற்றோல் பைக்கை விற்றுவிட்டு எலெக்ட்ரிக் பைக் எடுக்கலாமா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஊருக்குள் ஓடுவதற்கென்றால் எடுங்கள் தம்பி. பெற்றோல் எஞ்சின் எரிப்பதில் பெரும்பகுதி சூடாகவே வீணாகப் போகிறது, மின்மோட்டாரில் அந்த நட்டம் மிகக் குறைவு. 2022இல் எரிபொருள் வரிசையில் பட்டதை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. எடுக்கும்போது பற்றரிக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜ் போடுவதைப் பத்தரைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், கூரையில் சோலார் இருந்தால் பகலில். வேலையால் வந்த உடனே ஆறரை ஏழுக்குக் குத்த வேண்டாம்.