எமுலேட்டரில் சொந்தமாக ஒரு சின்ன ஓஎஸ் எழுத எங்கிருந்து தொடங்குவது?

பினாங்கில் டிப்ளோமா படிக்கிறேன், கையில் பழைய மடிக்கணினி மட்டும்தான் இருக்கிறது, ஓஎஸ் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) எழுதிப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும் தம்பி. கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலியாக ஓட்டிக் காட்டும் க்யூஎமு எமுலேட்டர், அசெம்பிளி மொழியில் எழுதுவதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் நாஸ்ம் அசெம்பிளர் இரண்டும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும்.

ஓஎஸ்ஸை ஏற்றிவிடும் கிரப், சி கம்பைலர் எல்லாம் அப்புறம். முதலில் வட்டின் முதல் துண்டான பூட் செக்டரை நீங்களே எழுதுங்கள். மொத்தம் 512 பைட். கடைசி இரண்டு பைட் ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) 55, ஏஏ என்று இருந்தால், கணினி விழித்ததும் முதலில் ஓடும் பயாஸ் அதை எடுத்து ஹெக்ஸ் 7சி00 முகவரியில் வைத்து ஓடவிடும். அதற்கு மேல் உதவிக்கு ஆள் கிடையாது, ஒவ்வொரு பைட்டும் உங்கள் பொறுப்பு.

எல்லோரும் ஆங்கிலத்தில் 'ஹலோ' காட்டுவார்கள். நீங்கள் 'அ' காட்டுங்கள். டெக்ஸ்ட் மோடில் இருக்கும் 256 எழுத்து வடிவங்களில் தமிழ் இல்லை, அதனால் பயாஸின் வீடியோ இன்டரப்ட் (திரை வேலைக்கு பயாஸைக் கூப்பிடும் கட்டளை) வழியாக ஹெக்ஸ் 13 என்ற கிராபிக்ஸ் மோடுக்குப் போக வேண்டும். அங்கே திரை 320க்கு 200, புள்ளிக்கு ஒரு பைட், ஹெக்ஸ் ஏ0000-இல் தொடங்கும். வரிசை எண்ணை 320-ஆல் பெருக்கி நெடுவரிசையைக் கூட்டினால் புள்ளியின் இடம் கிடைத்துவிடும். கட்டம் போட்ட தாளில் 16க்கு 16 கட்டத்தில் 'அ' வரையுங்கள். 8 கட்ட அகலத்தில் சுழி அடைபட்டுப்போகும். நிறைந்த கட்டம் 1, காலிக் கட்டம் 0, ஆக 32 பைட்டில் ஒரு எழுத்து. அடுத்து 'கோ' எழுதிப் பாருங்கள்: யூனிகோடில் க முதலில் வரும், திரையிலோ இரட்டைக் கொம்பை முன்னால் போட்டு, க எழுதி, காலைப் பின்னால் போட வேண்டும்.

நானும் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில்தான் வேலை பார்க்கிறேன். 1972-இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்தது இந்தத் தீவில்தான். சில்லுகளைச் சோதித்து அனுப்புகிற ஊரில் வளரும் நம் பிள்ளைகள், அதே வகைச் சில்லு கண் விழித்ததும் நம் எழுத்தை வரையும்படி செய்ய வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

இதற்குப் பிறகுதான் கஷ்டம். பூட் ஆகும்போது இருக்கும் 16 பிட் நிலையிலிருந்து 32 பிட் புரொடெக்டட் மோடுக்கு மாறினால் பயாஸை நேரடியாகக் கூப்பிட முடியாது, ஆகவே கிராபிக்ஸ் மோடை அதற்கு முன்பே போட்டுவிடுங்கள். நினைவகப் பகுதிகளை ப்ராசசருக்கு விவரிக்கும் ஜிடிடி அட்டவணையில் ஒரு பிட் பிசகினாலும் டிரிப்பிள் ஃபால்ட் (பிழையைக் கையாளப் போன இடத்திலும் பிழை மேல் பிழை) வந்து இயந்திரம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். நிஜக் கணினியில் இதைக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும். க்யூஎமுவில் ரீபூட்டைத் தடுத்து, இன்டரப்ட் லாகை (நடந்தவற்றின் பதிவை) எழுதச் சொல்லி, ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை இணைத்து முதல் கட்டளைக்கு முன்பே நிறுத்தி வைத்துப் பார்க்கலாம், எமுலேட்டரை நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

டைமர் இன்டரப்ட் (கடிகாரம் ப்ராசசரைத் தட்டி எழுப்பும் சமிக்ஞை) முதலில் 8-ஆம் எண்ணில் வரும், புரொடெக்டட் மோடில் அது டபுள் ஃபால்ட்டின் எண், எனவே இந்தச் சமிக்ஞைகளை ப்ராசசருக்கு அனுப்பும் சில்லான பிஐசியின் எண்களை 32-இலிருந்து தொடங்கும்படி நகர்த்திவிட்டு இன்டரப்ட்டுகளைத் திறங்கள். கீபோர்டில் முதல் விசை மட்டும் வேலை செய்து பிறகு எதுவும் வரவில்லையென்றால், தட்டிய விசையின் எண் வந்து நிற்கும் ஹெக்ஸ் 60 போர்ட்டைப் படிக்கிறீர்களா, பிஐசிக்கு 'முடிந்தது' என்று சொல்கிறீர்களா என்று பாருங்கள்.

விசையைத் தட்டினால் 'அ' வருகிற நிலை வந்தபின் பேஜிங் (நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்துக் கையாளுதல்) பக்கம் போகலாம். நடுவில் எங்கே மாட்டிக்கொண்டாலும் லாகின் கடைசிப் பத்து வரியோடு கேளுங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.