ஜட்ஜ் மாறினால் கேஸ் முதலிலிருந்தா?

கேள்வி: டி.வி.யில் ஒரு அமெரிக்க சீரியலில் நீதிபதி திடீரென்று 'மிஸ்ட்ரயல்' என்று சொல்லி எல்லோரையும் எழுந்து போகச் சொல்லிவிட்டார். கொலுசு பாக்கிக்கு ஒருவர் கொடுத்த செக் திரும்பி, நான் இரண்டு வருடமாக கோர்ட்டுக்கு அலைகிறேன். போன மாதம் ஜட்ஜ் மாறியதும், இனி முதலிலிருந்து விசாரணை என்கிறார் வக்கீல் குமாஸ்தா. இதுவும் அந்த மிஸ்ட்ரயல்தானா?
— வெள்ளிப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: இல்லைங்க, அது வேறு, இது வேறு. பற்றவைப்பு கெட்டுப்போன கொலுசை நீங்கள் திரும்ப மூசையில் போட்டு உருக்குவீர்கள் அல்லவா, வெள்ளி அப்படியே இருக்கும், கூலியும் நேரமும்தான் போச்சு, விசாரணையைத் தீர்ப்பில்லாமல் பாதியில் கலைக்கும் மிஸ்ட்ரயல் கிட்டத்தட்ட அப்படி. குற்றச்சாட்டு அப்படியே இருக்கும், தண்டனையும் இல்லை, விடுதலையும் இல்லை, அரசுத் தரப்பு விரும்பினால் புது ஜூரியை (தீர்ப்பு சொல்ல பொதுமக்களிலிருந்து எடுக்கும் குழு) வைத்து மறுபடி நடத்தலாம். ஜூரிகள் ஒருமனதாக முடிவுக்கு வர முடியாமல் போனாலோ, ஜூரியில் ஒருவர் வெளியாளிடம் வழக்கைப் பற்றிப் பேசிவிட்டாலோ இது நடக்கும். அமெரிக்க நடிகர் பில் காஸ்பி மீதான பாலியல் வழக்கில் ஜூரிகள் 50 மணி நேரத்துக்கு மேல் பேசியும் ஒத்துவராமல் 2017இல் மிஸ்ட்ரயல் ஆனது. 2018இல் மறுபடி நடத்தியபோது குற்றவாளி என்றார்கள். (2021இல் மேல்முறையீட்டில் அதுவும் ரத்தானது, அது தனிக்கதை.)

நம் ஊர் கிரிமினல் கோர்ட்டில் ஜூரியே கிடையாது, 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அது போய்விட்டது. அதனால் இங்கே பாதியில் கலைப்பதைவிட, தீர்ப்பு வந்த பிறகு மேல் கோர்ட் மறுவிசாரணைக்கு அனுப்புவதுதான் வழக்கம். 2002 குஜராத் கலவரக் கொலைகள் பற்றிய பெஸ்ட் பேக்கரி வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் விடுதலைத் தீர்ப்பை ரத்து செய்து, குஜராத்துக்கு வெளியே மகாராஷ்டிராவில் புதிதாக நடத்தச் சொன்னது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஜட்ஜ் மாறினாலே முதலிலிருந்து என்று எந்தச் சட்டமும் இல்லை. பழையவர் பதிவு செய்த சாட்சியத்தை வைத்துக்கொண்டே புதியவர் தொடரலாம், அந்தப் பழைய 1973 சட்டத்தில் 326வது பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 365. விதிவிலக்கு சுருக்க விசாரணை. அதில் சாட்சி சொன்னதை முழுசாக எழுதாமல் சாரத்தை மட்டும் குறித்துக்கொள்வார்கள், நேரில் கேட்காத இன்னொருவர் அந்த நாலு வரியை நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. செக் கேஸ்கள் சட்டப்படி பொதுவாகச் சுருக்க விசாரணையில் வருபவை, குமாஸ்தா சொல்வது அதனால்தான்.

ஆனால் உங்கள் சாட்சியமும் குறுக்கு விசாரணையும் வரிக்கு வரி பதிவாகியிருந்தால், பெயருக்குத்தான் சுருக்க விசாரணை, நடந்தது சம்மன் வழக்கு, அதாவது சுருக்காமல் வழக்கமான முறையில் நடக்கும் விசாரணை. அப்படிப்பட்டதைத் திரும்ப நடத்தத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமே 2014இல் சொல்லியிருக்கிறது. அதனால் குமாஸ்தா பேச்சோடு விடாதீர்கள். நகல் மனு போட்டு சாட்சியப் பதிவை வாங்கி, எத்தனை பக்கம் இருக்கிறது என்று வக்கீலை உட்காரவைத்துப் பாருங்கள். அப்புறம், எதிராளி குற்றத்தை மறுத்திருந்தால், செக் கேஸ்களுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 143ஏ பிரிவில் செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்கலாம், தருவதும் மறுப்பதும் மாஜிஸ்திரேட் இஷ்டம். இந்த இரண்டு வருடத்தில் அந்த மனு போட்டீர்களா இல்லையா என்று நீங்கள் எழுதவே இல்லையே?