91 பரிசோதனைகளில் அம்மாவுக்கு எது தேவை?

கேள்வி: தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் பெற்றோருக்கு முழு உடல் பரிசோதனை செய்ய நினைக்கிறேன். அப்பாவுக்கு 62 வயது, நெடுநாளாகப் பீடிப் பழக்கம். அம்மாவுக்கு 57. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ஓர் ஆய்வகத்திலிருந்து போன் செய்து, ஆளுக்கு 1,999 ரூபாயில் 91 பரிசோதனைகள், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம், புற்றுநோய்ப் பரிசோதனையும் இலவசம் என்கிறார்கள். சலுகை இந்த வாரத்தோடு முடிகிறதாம். பணம் கட்டிவிடலாமா? - வாசகர், திருப்பூர்

பதில்: கட்ட வேண்டாம். சலுகை போனால் போகட்டும், அடுத்த மாதம் வேறு பெயரில் வரும்.

ரத்த அறிக்கைகளில் கையெழுத்திடுவதே என் தொழில். அந்த 91 எப்படி வந்தது என்று சொல்கிறேன். முழு ரத்த எண்ணிக்கை என்பது ஒரு குழாய் ரத்தத்தை ஓர் இயந்திரத்தில் ஒரே முறை செலுத்திச் செய்வது. அது தரும் ஹீமோகுளோபின், வெள்ளையணு, தட்டணு போன்ற இருபது சொச்சம் அளவுகளையும் தனித்தனிப் பரிசோதனைகளாக எண்ணிக்கொள்கிறார்கள். சிறுநீரின் நிறம்கூட ஒரு பரிசோதனை! கொழுப்புப் பட்டியலில் பாதி, ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் வகுத்துக் கணினி போடும் விகிதங்கள். மருத்துவர் சீட்டில் எழுதினால் பத்து வரிகளுக்குள் முடிந்துவிடும்.

‘அதிகம் பார்ப்பதில் நஷ்டம் என்ன’ என்று கேட்பீர்கள். நஷ்டம் உண்டு. அறிக்கையில் இயல்பு அளவு என்று அச்சிடும் வரம்பு, பெரும்பாலும் நலமாக இருக்கும் 100 பேரில் 95 பேர் அடங்கும்படி வகுக்கப்பட்டது. மீதி 5 பேருக்கு நோய் இல்லாமலே எண் தடித்த எழுத்தில் வரும். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை நலமான ஒருவருக்குச் செய்தால், ஒன்றாவது வரம்பைத் தாண்டுவதற்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு மறு பரிசோதனை, ஸ்கேன், அடுத்த மருத்துவர் என்று குடும்பம் அலையத் தொடங்கும்.

‘இலவச’ புற்றுநோய்ப் பரிசோதனையைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பெண்களுக்கு அவர்கள் சேர்ப்பது வழக்கமாக சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனை. சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களுக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க அது உதவும். அறிகுறியே இல்லாதவரிடம் புற்றுநோயைத் தேட அது ஏற்றதல்ல. மாதவிடாய் நாட்களில், கருப்பைக் கட்டியில், கருப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸில்கூட அது உயரும். வரம்பு 35 என்றிருக்க, 48 வந்துவிட்டதென்று அழுதுகொண்டே அறிக்கையோடு வந்த ஒரு பெண்ணை நான் மறக்கவில்லை. இரண்டு ஸ்கேன், மூன்று வாரத் தூக்கமின்மை. கடைசியில் கருப்பையில் சாதாரண நார்க்கட்டி. இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. எண் சரியாக வந்தால் புற்றுநோய் இல்லை என்று நம்பி, உண்மையான அறிகுறியை அசட்டை செய்துவிடுவார்கள்.

உங்கள் அம்மாவுக்கு வேண்டியதைச் சொல்கிறேன். மூன்று மாதச் சர்க்கரை நிலவரத்தைக் காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், கொழுப்பு, முழு ரத்த எண்ணிக்கை. கடைசியாகச் சொன்னது ஏனென்றால், இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி பொய்யாக உயர்ந்து காட்டும். மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும், அதையும் ஒருமுறை பாருங்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று காட்டும் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் மிக முக்கியம். சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்படுவதை, கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்பே அது சொல்லிவிடும். போனில் வாசித்த பட்டியலில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல தொகுப்புகளில் இருப்பதில்லை.

இவற்றைவிடப் பெரிய விஷயம், அம்மாவுக்கு அவசியமான சில பரிசோதனைகள் எந்த ரத்தக் குழாயிலும் அடங்காதவை. கண்மணியை விரியவைத்து விழித்திரையை ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். மருத்துவர் மார்பகத்தைப் பரிசோதிக்க வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை நம் நாட்டுத் திட்டம் 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கொரு முறை செய்யச் சொல்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு, கருப்பை வாயில் நீர்த்த அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் முறையைவிட, அங்கிருந்து அணுக்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் அல்லது அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்பிவி பரிசோதனை பொருத்தமானது. அம்மா ஒருமுறைகூடச் செய்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். மகனிடம் சொல்லக் கூச்சப்படுவார். வீட்டில் பெண்கள் யாராவது அழைத்துப் போகட்டும்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின் போதும். பீடி பிடிப்பவர் என்பதால் நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஆறாத புண், வெள்ளைத் திட்டு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் நுரையீரல் திறன் பரிசோதனையும் வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றுக்கான முதல்கட்டப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். முதலில் அங்கே போங்கள். விடுபட்டதை மட்டும் மருத்துவர் சீட்டோடு வெளியில் செய்யலாம்.

வெளி ஆய்வகத்தை எப்படித் தேர்வது? ஆய்வகங்களின் தரத்துக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பான என்ஏபிஎல்லின் முத்திரையைப் பார்த்ததும் திருப்தியடைந்துவிடாதீர்கள். அந்த அங்கீகாரம் குறிப்பிட்ட ஆய்வகத்துக்கு, குறிப்பிட்ட பரிசோதனைகளுக்குத் தரப்படுவது. உங்களுக்கு வேண்டிய பரிசோதனை அதில் அடங்குகிறதா, ரத்தம் எந்த ஊருக்குப் போகிறது, எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரும் என்று கேளுங்கள். எடுத்த ரத்தம் பிரிக்கப்படாமல் கிடந்தால், அதிலுள்ள அணுக்களே சர்க்கரையைத் தின்று மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை குறைத்துவிடும். சர்க்கரைக்கான ரத்தத்தை, இதை மட்டுப்படுத்தும் வேதிப்பொருள் உள்ள சாம்பல் நிற மூடியிட்ட குழாயில் எடுக்கிறார்களா என்று நீங்களே கவனிக்கலாம்.

ரத்தம் கொடுக்கும் நாளில் ஒரு கவனம். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் இரண்டு நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். தைராய்டு அளவை அது தலைகீழாகக் காட்டிவிடக்கூடும். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்த பிறகே அம்மா சிற்றுண்டியும் மெட்ஃபார்மினும் சாப்பிடட்டும். சாப்பிட்டபின் எடுக்கும் ரத்தத்துக்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. பழைய அறிக்கைகள் எத்தனை ஆண்டுக்கு முந்தையவையானாலும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப்போங்கள்.